விவாத மேடையில் இழிசொல் விழுந்தால்: தொலைக்காட்சி நிறுவனத்திடம் பொறுப்புக் கேட்கும் வழி

செய்தித் தொலைக்காட்சியின் இரவு விவாதத்தில் 'அரசியல் விமர்சகர்' என்ற அடைமொழியோடு அமர்ந்திருப்பவர் ஒரு சாதியினரையோ, பெண்களையோ, பிழைப்புத் தேடி வந்த வெளிமாநிலத் தொழிலாளர்களையோ இழிவாகப் பேசிவிட்டால், நம்மில் பெரும்பாலோர் அந்தத் துண்டுக் காணொளியைப் பகிர்ந்து, பேசியவரைத் திட்டித் தீர்த்து, அத்துடன் விட்டுவிடுகிறோம். அவரை அழைத்து உட்கார வைத்து, பேச்சை ஒளிபரப்பி, அதையே வெட்டி யூடியூபில் மறுபடியும் ஏற்றிய நிறுவனத்தை அந்தக் கோபம் தொடுவதே இல்லை. நாம் பகிர்வதால் அதன் பார்வை எண்ணிக்கை கூடுவதுதான் மிச்சம். ஆகவே புகாரை நிறுவனத்தின் பெயருக்கே எழுத வேண்டும்.

கொங்கு வட்டாரத்தில் இதன் விளைவை நாம் கண்டிருக்கிறோம். 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகளும் செய்திகளும் பரவியபோது, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்தவர்கள் அஞ்சினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து நிலைமையை அறிய வேண்டியிருந்தது. திரையில் சொல்லப்படுவது பேக்கரியிலும் விசைத்தறிக் கூடத்திலும் அடுத்த நாள் பேச்சாகிறது, அதன் அடி எளியவர் மீதே விழுகிறது.

எழுதுவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நமக்குப் பிடிக்காத கருத்தும், கட்சித் தலைவர் மீதான கடுமையான விமர்சனமும் புகாருக்குரியவை அல்ல. அவற்றுக்கும் புகார் எழுதினால் உண்மையான புகார்களின் மதிப்புக் குறையும். 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 6ஆம் விதியாக உள்ள நிகழ்ச்சி நெறிமுறை, மதங்களையும் சமூகங்களையும் தாக்குவது, குறிப்பிட்ட பிரிவினரை அவதூறு செய்வது, பெண்களை இழிவுபடுத்துவது, வேண்டுமென்றே பொய்யும் அரை உண்மையும் கூறுவது ஆகியவற்றைத் தடை செய்கிறது. கேட்ட சொல் இவற்றில் எதில் அடங்குகிறது என்று ஒரே வரியில் நம்மால் சொல்ல முடிந்தால் புகாருக்கு இடம் உண்டு.

அடுத்தது சான்று. நினைவிலிருந்து எழுதிய புகார் நிற்காது. சேனலின் பெயர், நிகழ்ச்சியின் பெயர், தேதி, அந்தச் சொல் வந்த மணியும் நிமிடமும், நெறியாளர் பெயர், பேசியவருக்குத் திரையில் தரப்பட்ட அடைமொழி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, சொல்லப்பட்டதை மாற்றாமல், அதற்கு முன்னும் பின்னும் ஓரிரு நிமிடப் பேச்சோடு சேர்த்து எழுத்தில் பெயர்க்க வேண்டும். நெறியாளர் இடைமறித்தாரா, சிரித்தாரா, மேலும் தூண்டினாரா என்பதைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். செய்தி விவாதங்களில் நெறியாளரின் பொறுப்பு முக்கியமானது என்று உச்ச நீதிமன்றமே 2022 செப்டம்பரில் சுட்டிக்காட்டியிருக்கிறது. அந்தப் பேச்சைத் தனித் துணுக்காக வெட்டி, கொச்சையான தலைப்பு வைத்து யூடியூபில் போட்டிருந்தால், அந்தப் பக்கத்தைத் திரைப்பதிவு செய்து சுட்டியோடு இணைக்கவும். நேரலையில் வாய் தவறி வந்ததாக நிறுவனம் சொல்லக்கூடும். பிறகு உட்கார்ந்து வெட்டி ஏற்றிய துணுக்குக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. என் பார்வையில் புகாரின் வலுவான பகுதி இதுவே.

சேனலின் பெயரும் அதை நடத்தும் நிறுவனத்தின் பதிவுப் பெயரும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிடும் அனுமதி பெற்ற சேனல்களின் பட்டியலில் நிறுவனப் பெயர் கிடைக்கும். குறைதீர் அலுவலரின் விவரத்தைச் சேனலின் இணையதளத்தில் தேடவும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். "இன்ன தேதியில் இன்ன நேரத்தில் ஒளிபரப்பான நிகழ்ச்சியில் கீழ்க்கண்ட சொற்கள் கூறப்பட்டன, இவை நிகழ்ச்சி நெறிமுறைக்கு மாறானவை, அதே நிகழ்ச்சியில் வருத்தம் தெரிவிக்கவும், காணொளியை எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்கவும், இவரை மீண்டும் அழைப்பது குறித்த உங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்கவும் கோருகிறேன்" என்ற அளவில் கோரிக்கை திட்டமாக இருக்கட்டும். பேசியவரைப் பற்றி வசைச்சொல் ஒன்றுகூட வேண்டாம்.

கால எல்லைகளில்தான் பல புகார்கள் தோற்றுப்போகின்றன. ஒளிபரப்பான ஏழு நாட்களுக்குள் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிடுங்கள். பல செய்திச் சேனல்கள் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்த வைத்துள்ள தன்னாட்சி அமைப்பான என்பிடிஎஸ்ஏவின் (NBDSA) நடைமுறை அந்தக் கெடுவை எதிர்பார்க்கிறது. 2021 ஜூனில் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, 15 நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். பதில் வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ, அடுத்த 15 நாட்களுக்குள் அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள தன்னாட்சி அமைப்புக்கும், அங்கும் தீராவிட்டால் மத்திய அரசுக்கும் மேல்முறையீடு செய்யலாம். எல்லாச் சேனல்களும் ஒரே அமைப்பில் இல்லை என்பதால் உறுப்பினர் பட்டியலை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவும். நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கும், பிறகு வெளியான இரண்டு மாதங்களுக்குள் இந்தியப் பிரஸ் கவுன்சிலுக்கும் எழுத வேண்டும். கவுன்சிலால் கண்டிக்க முடியும், அபராதம் விதிக்க முடியாது.

விதிகளைவிட விரைவாக வேலை செய்வது விளம்பர வருவாய். 2007 ஏப்ரலில் அமெரிக்க வானொலி நிகழ்ச்சியாளர் டான் ஐமஸ், ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியினரை இனவெறியோடு இழிவுபடுத்தினார். பிராக்டர் அண்ட் கேம்பிள், ஸ்டேபிள்ஸ் முதலிய விளம்பரதாரர்கள் விலக, எட்டு நாட்களுக்குள் சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. இந்தியாவிலும் 2020 அக்டோபரில், வெறுப்பைப் பரப்பும் சேனல்களுக்கு விளம்பரம் தருவதில்லை என்று பஜாஜ் ஆட்டோவும் பார்லேயும் வெளிப்படையாகக் கூறின. நம் பகுதிக்கு இதில் தனி வலிமை உண்டு: தமிழ்ச் சேனல்களில் விளம்பரம் செய்யும் ஜவுளிக்கடைகள், மசாலா நிறுவனங்கள், கல்லூரிகள், மருத்துவமனைகள் பல கோவையிலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் இருப்பவை. அந்த விவாதத்தின் இடைவேளையில் வந்த விளம்பரங்களைக் குறித்துக்கொண்டு, நிர்வாகத்துக்கு மரியாதையாக, சான்றுடன் ஒரு கடிதம் எழுதுங்கள். கடையில் நிற்கும் ஊழியர்களிடம் சண்டைக்குப் போவது தவறு. அவர்களுக்கு இதில் பங்கில்லை.

பேச்சு பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் மீது பகையை வளர்ப்பதாக இருந்தால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், பிரிவினரிடையே பகைமூட்டினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவும் பொருந்தக்கூடும். அப்போது காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது பெறவும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமும் மனு அளிக்கலாம். கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின்கீழ் அவரும் அதிகாரம் பெற்ற அலுவலரே. ஆனால் அதே விஷயம் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் என்பிடிஎஸ்ஏ அதை ஏற்பதில்லை என்பதால், எந்த வழி முதலில் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நிறுவனம் வருத்தம் தெரிவித்தால், அது எந்த நேரத்தில், எத்தனை நொடி ஒளிபரப்பானது என்று பாருங்கள். இரவு எட்டு மணிக்குச் சொன்ன சொல்லுக்கு நள்ளிரவில் தெரிவிக்கும் வருத்தம் ஈடாகாது. 2024 பிப்ரவரியில் என்பிடிஎஸ்ஏ சில இந்திச் செய்திச் சேனல்கள் மீது நடவடிக்கை எடுத்தபோது, அபராதத்தோடு அந்தக் காணொளிகளை இணையத்திலிருந்து நீக்கவும் உத்தரவிட்டது. ஆகவே துணுக்குகளும் நீங்கினவா என்று சரிபார்த்து, ஒன்று மிஞ்சியிருந்தாலும் பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் எழுதுங்கள்.