மலை ஊர் அறையில் கரி அடுப்பு வேண்டாம்

ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பார்பிக்யூ முடிந்ததும் கனன்றுகொண்டிருக்கும் கரி அடுப்பை "கொஞ்சம் கதகதப்பா இருக்கட்டும்" என்று அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். புகை அடங்கிவிட்டதே என்று நினைப்போம். ஆனால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. சமையல் கேஸில் கசிவு தெரிவதற்காகவே நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். இதில் அந்த வசதி கிடையாது.

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்றுதான் ஆரம்பிக்கும். பயண அலுப்பு என்று படுத்துவிடுவோம், அங்கேதான் ஆபத்து. அறையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே வெளியே வந்துவிடுங்கள். அப்புறம் 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள். இந்த வாயு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் என்றே எண்ணி, 98, 99 என்று காட்டிவிடும்!

மூடிய ஷெட்டில் ஓடும் கார், வீட்டுக்குள் வைத்த ஜெனரேட்டர், காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர், இவற்றுக்கும் இதே கதைதான். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. புகை அலாரம் வேறு, இது வேறு. பார்த்து வாங்குங்கள்.