நாய்க்கு பார்வோ வந்தா வீட்ல இருக்க பூனைய என்ன பண்றது

பார்வோன்னா நாய்க்கு வாந்தி, பேதி வர வைக்கிற வைரஸ் நோய். முதல்ல பூனைய வேற ரூமுக்கு மாத்துங்க, தட்டு, துணி எல்லாம் தனி. நாய் வைரஸ் பூனைக்கு வராதுன்னு நிறைய பேர் சொல்வாங்க, முழுசா உண்மை இல்ல. 1978ல வந்த பழைய டைப் பூனைய ஒண்ணும் பண்ணல, ஆனா இப்போ சுத்துற 2ஏ, 2பி, 2சி டைப் எல்லாம் பூனைக்கும் தொத்தும், அதனால பூனைக்கு பான்லுகோபீனியா (பூனைக்கு வர்ற பார்வோ மாதிரி நோய்) தடுப்பூசி போட்டாச்சான்னு பாருங்க, அது இதுக்கும் ஓரளவு கைகொடுக்கும்.

மனுஷங்களுக்கு வராது, நமக்கு வர்ற பார்வோ பி19 வேற வைரஸ். மாடு, கோழிக்கும் நாய்கிட்ட இருந்து வராது. ஆனா நம்ம செருப்பு, கை வழியா அடுத்த தெரு குட்டிக்கு போயிடும், அதான் பெரிய தலைவலி.

சானிடைசர், டெட்டால் நம்பாதீங்க. தரைய முதல்ல சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு, அப்புறம் 1 பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணி கலந்து ஊத்தி 10 நிமிஷம் ஈரமாவே விடுங்க, பூனை காயுற வரைக்கும் அந்தப் பக்கம் வரக்கூடாது. மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும், அதனால தோட்டத்துல புதுக்குட்டிய ஊசி கோர்ஸ் முடியாம விடாதீங்க. பூனை சாப்பிடாம வாந்தி எடுத்தா அன்னைக்கே டாக்டர்ட்ட போங்க.