பெயின்டிங்க போட்டோ எடுக்கேக்க விடுற பிழைகள்

கடல் கீறினா போட்டோவில நீலம் பச்சையா வருது, கமெராவத்தான் மாத்தோணும் எண்டு திருகோணமலையில படம் கீறுற கனபேர் சொல்லுவினம். கமெராவில ஒண்டுமில்ல, பிழை அனேகமா வெளிச்சத்திலதான்.

ஜன்னல் வெளிச்சமும் வரும், உள்ள டியூப் லைட்டும் எரியும், ரெண்டுக்கும் நிறம் வேற, அதால ஒரு பக்கம் நீலம் பாய்ஞ்சு மற்றப் பக்கம் மஞ்சளடிச்சுக் கிடக்கும், பிறகு கம்ப்யூட்டரில எவ்வளவு மல்லுக்கட்டினாலும் ரெண்டையும் ஒண்டாச் சரிப்பண்ணேலாது. லைட்ட நூத்துட்டு எடுங்க. ஒயிட் பேலன்ஸையும் (வெளிச்சத்தின்ர நிறத்துக்கேத்த மாதிரி படத்தின்ர நிறத்தச் சரிப்பண்ணுற செட்டிங்) ஆட்டோவில விடாதீங்க, படம் முழுக்க கடலெண்டா கமெரா அந்த நீலத்தக் குறைக்கத்தான் பார்க்கும். அதே வெளிச்சத்தில கிரே கார்ட் (சாம்பல் நிற அட்டை) வச்சு ஒரு ஷொட் எடுத்து, அதப் பார்த்து நிறத்தச் சரிப்பண்ணினாப் போதும்.

ஃபிளாஷ் வேணவே வேணாம். ஒயில் பெயின்டில, வார்னிஷில அடிச்சு வெள்ளைப் பொட்டாத்தான் தெரியும். ரெண்டு லைட் இருந்தா ரெண்டு பக்கமும் 45 டிகிரியில வைங்க, கண்ணாடி போட்ட படமெண்டா முதல்ல கண்ணாடியக் கழட்டுங்க. லைட் இல்லாட்டி விறாந்தை காணும், ஆனா கடல் பக்கம் பார்த்த விறாந்தையில விடியக்காலம் வெயில் நேரா அடிக்கும், அது கூரைக்கு மேல போனாப் பிறகு எடுங்க. சிவப்புச் சீமெந்துத் தரையெண்டா அந்தச் சிவப்பு படத்தில ஏறும், கறுப்புத் துணி ஒண்ட விரிச்சு விடுங்க (இத ஒருத்தரும் யோசிக்கிறேல்ல).

அடுத்தது ட்ரைபொட், கமெராவ வைக்கிற முக்காலி. லென்ஸ் படத்தின்ர நடுவுக்கு நேரா நிக்காட்டி சதுரப் படம் சரிஞ்ச பெட்டி மாதிரி வரும். படத்த சுவரில தட்டையாக் கொழுவி, நடுவில முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒண்டப் பிடிச்சுப் பாருங்க, அதில உங்கட லென்ஸ் ஸ்கிரீனுக்கு நடுவில தெரிஞ்சா நேரா நிக்குது. கிட்டப் போய் வைட்ல எடுத்தா ஓரம் வளையும், தள்ளி நிண்டு லென்ஸ் 50 மில்லிமீற்றருக்குக் கூடவா இருக்க எடுங்க.

ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கமெரா காட்டுற உணர்வு) 100, லென்ஸ் திறக்கிற அளவு எஃப் 8, ரெண்டு செக்கன் டைமர் எண்டு வைங்க. ஷட்டர் மெதுவா வரும், ட்ரைபொட் இருக்கிறதால பரவாயில்ல, ஆனா ஃபேன நிப்பாட்டோணும், கன்வஸ் ஆடும். கச்சான் காத்து (தென்மேற்குப் பருவக் காத்து) அடிக்கிற மாசங்களில வெளிய ஸ்டாண்டில வச்சு எடுக்கிற எண்ணத்தையே விடுங்க. ஏசி ரூமில கிடந்த கமெராவ வெளிய கொண்டுவந்த கையோட எடுக்காதீங்க, லென்ஸில ஈரம் பூத்திருக்கும், பையுக்குள்ளயே அரை மணித்தியாலம் கிடக்கட்டும்.