சமநிலை பட்ஜெட்டை அரசமைப்பில் எழுதுவது எப்படி?

எந்தப் பற்றாக்குறையை ஒழிக்கப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 'பட்ஜெட் சமமாக இருக்க வேண்டும்' என்ற ஒற்றை வரி நீதிமன்றத்தில் அரை நாள் தாங்காது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற செலவுக்கு வருவாய் எவ்வளவு போதவில்லையோ அது வருவாய்ப் பற்றாக்குறை. ஆண்டின் மொத்தச் செலவுக்குக் கடனாகத் தேவைப்படுவது நிதிப் பற்றாக்குறை. ஐந்தொகை (வரவு செலவு, சொத்து கடன் கணக்கு) போட்டுப் பழகிய செட்டிநாட்டுக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல. கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) பர்மா போனவர்கள் வங்கியில் கடன் வாங்கியும் லேவாதேவி நடத்தினார்கள். அடுப்படிச் செலவுக்கு வாங்கும் கடன்தான் வீட்டைக் கவிழ்க்கும். ஆகவே முதலாவதைப் பூஜ்யமாக்குங்கள். இரண்டாவதற்கு உச்சவரம்பு வைத்தால் போதும்.

அடுத்தது இடம். பட்ஜெட்டைப் பற்றிப் பேசும் 112-ஆவது பிரிவில் கைவைக்கத் தோன்றும், வேண்டாம். அங்கே இருப்பது மதிப்பீடு மட்டுமே. பிப்ரவரியில் வரி வரவைக் கூட்டிக் காட்டினால் காகிதத்தில் சமமாகிவிடும். மத்திய அரசு கடன் வாங்கும் அதிகாரம் 292-இல் இருக்கிறது. நாடாளுமன்றம் வரம்பு விதித்தால் அதற்குள் வாங்கலாம் என்கிறது அது. விதித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. வரம்பை அங்கேயே எழுதி, சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையர்) தணிக்கை செய்த கணக்கோடு கட்டிவிடுங்கள். 2003-இல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டம் சாதாரணச் சட்டம் என்பதால்தான், அதன் இலக்குகளை பட்ஜெட்டோடு வரும் நிதி மசோதா மூலமே தள்ளிப்போட முடிந்தது. 2018-இல் வருவாய்ப் பற்றாக்குறை இலக்கையே எடுத்துவிட்டார்கள்.

ஓட்டை விழுவது பெரும்பாலும் வரையறையில்தான். உணவு மானியத்தைக் கொடுக்காமல், இந்திய உணவுக் கழகத்தைச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கவைத்த காலம் உண்டு. அந்தக் கடன் பற்றாக்குறைக் கணக்கில் வரவில்லை. அரசு வட்டியும் அசலும் கட்டும் கடன் யார் பேரில் இருந்தாலும் அரசுக் கடனே என்று எழுதுங்கள். பொதுத்துறைப் பங்கு விற்ற பணத்தை வருவாயில் சேர்க்கக் கூடாது என்பதும் வேண்டும்.

விதிவிலக்கு இல்லாமலும் முடியாது. 2020-21-இல் 3.5 சதவீதம் என்று போட்ட நிதிப் பற்றாக்குறை, கொரோனாவில் ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தியில்) 9.2 சதவீதமானது. காரணம், கால அளவு, திருப்பிக் கட்டும் அட்டவணை மூன்றையும் கேளுங்கள். ஜெர்மனியில் கொரோனாவுக்கென்று அனுமதித்த 6,000 கோடி யூரோ கடனைப் பருவநிலை நிதிக்கு மாற்றியதை, 2023 நவம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. அவசரக் கடனுக்கான அனுமதி அந்த ஆண்டோடு முடிய வேண்டும்.

வாக்குக் கணக்கு: அரசமைப்பைத் திருத்தும் முறையைச் சொல்லும் 368-இன்படி இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வாக்களித்தவரில் மூன்றில் இரண்டு பங்கும் தேவை. மக்களவையில் குறைந்தது 272. 543 பேரும் வாக்களித்தால் 362. இரு அவைகளின் கூட்டுக் கூட்டம் கிடையாது. 292-ஐ மட்டும் தொட்டால் மாநிலங்களின் ஒப்புதல் வேண்டாம். கண்காணிப்பை உச்ச நீதிமன்ற அத்தியாயத்தில் கொண்டுபோய் வைத்தால் பாதி மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்படும், 14 சட்டமன்றங்களைத் தேடிப் போக வேண்டிவரும்.

செட்டிநாட்டின் சிவகங்கைத் தொகுதி எம்.பி. வழியாகத் தனிநபர் மசோதாவாக (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) கொடுப்பதானால் ஒரு மாத நோட்டீஸ். 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. விவாதத்தைக் கிளப்பத்தான் அது உதவும். அமலுக்கு வரும் தேதியைத் தள்ளியே வையுங்கள். ஜெர்மனி 2009-இல் கடன் வரம்புக்காக அரசமைப்பைத் திருத்தியதை மத்திய அரசுக்கு 2016-இலும் மாநிலங்களுக்கு 2020-இலும்தான் முழுதாக நடைமுறைப்படுத்தியது.