மழைக்காலக் காய்ச்சலுக்கு ஸ்கூலும் வீடும் தயாராவது எப்படி?

ஃப்ளூவுக்குத் தயாராகலாம் என்றதும் எல்லோரும் சானிடைசர் பாட்டில் வாங்குவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஸ்கூல் முதலில் செய்ய வேண்டியது ஆண்டு விழாவில் கொடுக்கும் ஃபுல் அட்டெண்டன்ஸ் பரிசை நிறுத்துவது. அந்த ஒரு சர்டிபிகேட்டுக்காகக் காலையில் பாராசிட்டமால் சிரப்பை ஊற்றி, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சூடு இறங்கிடுச்சு, போய்ட்டு வா" என்று வேனில் ஏற்றிவிடும் வீடுகள் ஏராளம். சிரப்பின் வேலை நாலு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஆறு. ஏழரைக்குக் கொடுத்தது மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது தீர்ந்துபோகும், பிள்ளை டெஸ்க்கில் தலையைச் சாய்த்துப் படுத்துவிடும், அதற்குள் பக்கத்து பெஞ்சில் இருக்கிற நாலு பேருக்கும் போய்ச் சேர வேண்டியது போய்ச் சேர்ந்திருக்கும்.

வட இந்தியாவில் குளிர்காலத்திலும் தென்மேற்குப் பருவமழையிலும் ஃப்ளூ ஏறும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் ஆட்டம் அதிகம். ஸ்கூல் கணக்கில் சொன்னால், காலாண்டு லீவு முடிந்து திறப்பதில் தொடங்கி அரையாண்டுப் பரீட்சை வரைக்கும். மழையில் நனைந்ததால் ஃப்ளூ வருவதில்லை, அது வைரஸ். ஆனால் சாரல் அடிக்கிறது என்று ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைக்கிறோமே, அது போதும் அதற்கு. இதே மாதங்களில்தான் டெங்குவும் வரும் என்பதால் நமக்கு எப்போதுமே இரட்டை வேலை.

தடுப்பூசி போடுவதாக இருந்தால் ஆகஸ்ட்டிலேயே குழந்தை டாக்டரிடம் பேசிவிடுங்கள். ஊசி போட்டு இரண்டு வாரம் ஆன பிறகுதான் பாதுகாப்பு கிடைக்கும். ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை முதல்முறையாகப் போடுகிறது என்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும். தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி சீசன் போய்விடும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருஷா வருஷம் போட வேண்டிய ஊசி இது. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை, தனியாரில் ஒரு டோஸ் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். எல்லோராலும் முடியாதுதான். கையில் இருக்கிற பணத்துக்கு யாருக்கு முதலில் என்று கேட்டால், ஆஸ்துமா இருக்கிற பிள்ளை, ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள், கர்ப்பமாக இருக்கும் அம்மா, சர்க்கரை அல்லது இதய நோய் இருக்கும் தாத்தா பாட்டி. ஆறு மாதத்துக்குள் இருக்கும் கைக்குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது, சுற்றி இருக்கிறவர்கள் போட்டுக்கொண்டால்தான் அதற்குப் பாதுகாப்பு.

சரி, ஸ்கூலுக்கு வருவோம். செப்டம்பர் பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு விதியைச் சொல்லி, அதை டைரியிலும் அச்சடித்துவிடுங்கள்: காய்ச்சல் வந்தால், மருந்து எதுவும் கொடுக்காமல் முழுசாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகுதான் வர வேண்டும். "மருந்து கொடுக்காமல்" என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். இந்த விதி நிற்க வேண்டுமென்றால் ஸ்கூலும் சிலதை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுப்போன யூனிட் டெஸ்ட்டைத் திரும்ப வைக்கும் தேதியை முன்கூட்டியே அறிவிப்பது, அன்றைய போர்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது, இரண்டு நாள் லீவுக்கெல்லாம் மெடிக்கல் சர்டிபிகேட் கேட்காமல் இருப்பது. அந்த ஒரு தாளுக்காகவே காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்கில் இரண்டு மணி நேரம் காத்திருக்கிறார்கள், அங்கே இருக்கிற கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். தலைமுறை தலைமுறையாக நாம் எழுதிவரும் "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" லெட்டரே போதும்.

டீச்சர்களுக்கும் இதே விதிதான். காய்ச்சலோடு வந்து பாடம் நடத்துவதைத் தியாகமாகக் கொண்டாடும் பழக்கம் நம் ஸ்டாஃப் ரூம்களில் இருக்கிறது, அதை யாராவது ஹெச்.எம். பார்த்து நிறுத்தினால் புண்ணியம்.

வகுப்பில் எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும், சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் சாத்தினால் போதும். ஏசி வகுப்பு என்றால் இடைவேளைக்கு இடைவேளை கதவு ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லுங்கள். வேனையும் ஆட்டோவையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், ஒன்றின் மேல் ஒன்றாகப் பிள்ளைகள் அடைந்து, தார்ப்பாயையும் இறக்கிவிட்டு முக்கால் மணி நேரம் போவது அதில்தான். ஒரு பக்கமாவது திறந்திருக்கட்டும் என்று டிரைவர் அண்ணனிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

கை கழுவ சோப்பு வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும், அவ்வளவுதான். காலை உணவுத் திட்டமும் சத்துணவும் நடக்கும் அரசுப் பள்ளிகளில் சாப்பாட்டு வரிசையே கை கழுவும் வரிசையாக இருப்பதால் இது தனியார் பள்ளிகளைவிட எளிது, சோப்பு தீர்ந்தால் யார் வாங்குவது என்பதை மட்டும் முடிவு செய்துவிட்டால் போதும். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குச் சட்டையில் பின் குத்தி அனுப்பும் கர்ச்சீப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். காலையில் மூக்கைத் துடைத்தது, பதினொரு மணிக்கு வாயைத் துடைத்து, மத்தியானம் பெஞ்சைத் துடைத்து, பக்கத்துப் பிள்ளையின் முகத்தையும் துடைத்துவிட்டுத்தான் வீடு திரும்பும். இரண்டாவது ஒன்று பையில் இருக்கட்டும், தும்மினால் முழங்கையை மடக்கி அதற்குள் தும்மச் சொல்லிக்கொடுங்கள். தண்ணீர் பாட்டிலில் பேர் எழுதுங்கள். அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தை இந்த ஸ்ட்ரா பாட்டில்கள் ஒழித்தே விட்டன, அது எனக்குத் தனி வருத்தம்.

ஒரே வகுப்பில் ஒரே நாளில் மூன்று நாலு பேர் காய்ச்சல் என்று லீவு போட்டால், அட்டெண்டன்ஸ் எடுக்கும் டீச்சர் அதை ஹெச்.எம்.மிடம் சொல்ல வேண்டும், ஹெச்.எம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். ஃப்ளூவா டெங்குவா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் வருவதற்குள் மொட்டை மாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று நீங்களே ஏறிப் பார்த்துவிடுங்கள்.

இனி வீடு. காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்பதைக் காய்ச்சல் வருவதற்கு முன்பே பேசி வையுங்கள், காலை ஏழு மணிக்கு அந்தப் பேச்சு எடுத்தால் சண்டையில்தான் முடியும். அம்மாதான் என்று எழுதாத சட்டம் எதுவும் கிடையாது. பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் நம் வழக்கம், ஆனால் ஃப்ளூ வந்தால் அதிகம் படுத்துவது அந்த வயதைத்தான். வேறு வழியே இல்லையென்றால் பாட்டிக்கு மாஸ்க், தனிப் படுக்கை, ஜன்னல் திறந்த அறை. தினக்கூலிக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு நாள் லீவு என்பது ஒரு நாள் சம்பளம். அதே தெருவில் ஏற்கெனவே ஃப்ளூ வந்து தேறின வீடு இருந்தால் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வது நடைமுறையில் நடக்கிற ஏற்பாடு.

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். கை வைத்துப் பார்ப்பதில் அம்மா கணக்கும் அப்பா கணக்கும் ஒத்துப்போவதே இல்லை, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காய்ச்சல். பாராசிட்டமால் சிரப் வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்று ஒன்று இருக்கும், 250 என்று இன்னொன்று இருக்கும், சொட்டு மருந்து இதைவிட அடர்த்தி, 1 மில்லியிலேயே 100. பழைய பாட்டிலில் எப்போதும் கொடுக்கிற ஒரு மூடி அளவைப் புது பாட்டிலில் அப்படியே கொடுத்தால் டோஸ் இரட்டிப்பாகிவிடும். பிள்ளையின் எடைக்கு இந்த பாட்டிலில் எத்தனை மில்லி என்று டாக்டரிடம் எழுதி வாங்கி பாட்டிலிலேயே ஒட்டி வையுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. டெங்கு இல்லை என்று தெரியும் வரை இபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் என்ற வலி, காய்ச்சல் மருந்துகள் பக்கமும் போகாதீர்கள்.

இருமல் சிரப்பை நீங்களாக வாங்காதீர்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் கலப்பட இருமல் மருந்து குடித்துப் பிள்ளைகள் செத்துப்போனார்களே, அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான். ஐந்து வயதுக்குள் பொதுவாக இருமல் மருந்தே வேண்டியதில்லை என்றுதான் மத்திய சுகாதாரத் துறையும் அப்போது சொன்னது. போன வருஷம் மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம், வைரஸிடம் அது செல்லாது. கஞ்சி, ரசம், இளநீர், வெந்நீர் தாராளமாகக் கொடுங்கள், ஒரு வயது தாண்டியிருந்தால் கொஞ்சம் தேன். ஆவி பிடிக்கிறேன் என்று சின்னப் பிள்ளையைக் கொதிக்கும் பாத்திரத்தின் முன்னால் போர்வைக்குள் உட்கார வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், பாத்திரம் ஒருமுறை கவிழ்ந்தால் காய்ச்சலைவிடப் பெரிய தொல்லை.

மூச்சு வாங்குவது, விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுப்பது, உதடு நீலம் பூப்பது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழுப்பினாலும் எழாத அசதி, வலிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். வெறும் சந்தேகம் என்றால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம். ஆஸ்துமா, இதய நோய் இருக்கும் பிள்ளைக்கும் இரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கும் முதல் நாளே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது, ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் மருந்தை அவர் எழுதிக் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

தேறி வந்த பிள்ளை இரண்டு வாரம் வரைகூட இருமும். அதற்காக வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், கடைசி பெஞ்சில் தள்ளியும் உட்கார வைக்க வேண்டாம், பி.டி. பீரியடில் ஓடவிடாமல் ஒரு வாரம் உட்கார வைத்தால் போதும். சூடு இறங்கிய அன்றே பிள்ளை வழக்கத்தைவிட வாடிப்போய், வயிற்று வலி, விடாத வாந்தி என்றால் அது டெங்குவின் மோசமான கட்டமாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. நன்றாகிவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் கழித்துத் திரும்பக் காய்ச்சல் அடித்து இருமல் கூடினாலும் அப்படித்தான், நுரையீரலில் சளி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.