மூக்கு அறுவை சிகிச்சை: பொருளைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூக்கை உயர்த்திக்கொள்ள விரும்புகிறவர்கள் மருத்துவரிடம் முதலில் கேட்பது, சிலிக்கோன் நல்லதா, சொந்தக் குருத்தெலும்பு நல்லதா என்பதுதான். தென்கொரியத் தலைநகர் சியோலின் காங்னம் பகுதியில் அடுக்கடுக்காக இருக்கும் அழகு அறுவை சிகிச்சை நிலையங்களிலும் பேச்சு இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஐரோப்பியர்களுக்குப் பெரும்பாலும் இருக்கும் மூக்கைக் குறைப்பதே சிகிச்சை. கிழக்காசியாவிலோ மூக்குத்தண்டு தாழ்ந்தும், நுனிக் குருத்தெலும்பு மென்மையாகவும், அதன் மேலுள்ள தோல் தடித்தும் இருப்பது வழக்கம் என்பதால், புதிதாக எதையாவது வைத்தே ஆக வேண்டியிருக்கிறது. ஆனால் எது நல்லது என்று பொதுவாகக் கேட்பதே முதல் தவறு. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்றுதான் கேட்க வேண்டும்.

மூக்கின் மேற்பகுதிக்கு அடியில் எலும்பு இருக்கிறது, அது அசைவதில்லை. நுனியோ நாம் சிரிக்கும்போதும், மூக்கைத் துடைக்கும்போதும், குப்புறப் படுக்கும்போதும் வளைந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அசையாத இடத்தில் அமைதியாக இருந்துவிடும் கடினமான பொருள், அசையும் இடத்தில் உள்ளிருந்து தோலைத் தேய்க்கும். முன்பு பரவலாகப் பயன்பட்ட ‘எல்’ வடிவ சிலிக்கோன் துண்டு, மூக்குத்தண்டிலிருந்து நுனிவரை வந்து, அங்கிருந்து இரு துளைகளுக்கும் இடையிலுள்ள தூணுக்குள் இறங்கும். நுனியைத் தூக்கிப் பிடிக்கும் பாரம் முழுவதும் ஒரே இடத்துத் தோலின் மேல் விழும். சில ஆண்டுகளில் அந்தத் தோல் சிவக்கத் தொடங்கும், பிறகு மினுமினுப்பாகும், பிறகு அடியிலுள்ள விளிம்பின் வெண்மை தெரியும் அளவுக்கு மெலியும். சிவந்த நிலையிலேயே எடுத்துவிட்டால் பெரும்பாலும் தழும்பின்றித் தப்பலாம். தோலைத் துளைத்துக்கொண்டு வெளிவந்த பிறகு எடுத்தால் நுனியில் குழி விழும். ஆகையால்தான் இன்று பலரும் தண்டுக்கு மட்டும் நேரான சிலிக்கோன் துண்டையும் நுனிக்குச் சொந்தக் குருத்தெலும்பையும் பயன்படுத்துகிறார்கள். மூக்கு முழுவதற்கும் ஒரே செயற்கைத் துண்டு போதும் என்று யாராவது சொன்னால், நுனியை எது தாங்கப்போகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

‘உடல் ஏற்றுக்கொள்ளும் பொருள்’ என்ற விளம்பரச் சொல்லும் பலரைத் தடுமாற வைக்கிறது. சிலிக்கோனை உடல் தன்னுடையதாக்கிக்கொள்வதில்லை. அதில் துளைகள் இல்லாததால், சுற்றிலும் மெல்லிய உறை ஒன்றைக் கட்டி ஒதுக்கி வைக்கிறது. அதனால் அது இடம் நகர வாய்ப்புண்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல மேற்பரப்பில் சுண்ணாம்பு படியவும் கூடும். ஆனால் வேண்டாமென்றால் உறையைத் திறந்து உருவி எடுத்துவிடலாம். கோர்-டெக்ஸ் எனப்படும் பொருளில் நுண்துளைகள் உண்டு. திசு ஓரளவு உள்ளே வளர்ந்து அதை நகராமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதே துளைகளில் கிருமிகளும் குடியேறலாம். துளைகள் இன்னும் பெரிதாக உள்ள மெட்போர் என்ற செயற்கைப் பொருளில் இரத்தக் குழாய்களே உள்ளே புகுந்துவிடுவதால் உறுதி அதிகம். எடுக்க நேர்ந்தால், ஒட்டிய திசுவைக் கிழித்துக்கொண்டுதான் வரும். எவ்வளவு நன்றாக ஒட்டும் என்று கேட்பவர்கள் எப்படிக் கழற்றுவது என்று கேட்பதில்லை. என் பார்வையில் இரண்டாவது கேள்விதான் பெரியது.

செயற்கைப் பொருளில் தொற்று ஏற்படுவது முதல் சில வாரங்களில் மட்டும் என்று எண்ணுவதும் தவறு. ஆண்டுகள் கழித்தும் வரலாம். பொருளின் மேல் படலமாகப் படிந்துவிட்ட கிருமிகளை ஆன்டிபயாடிக் எளிதில் எட்டாது. மாத்திரை சாப்பிட்டதும் வீக்கம் வடிவதும், நிறுத்தியதும் திரும்புவதுமாக மாதங்களைக் கடத்துகிறவர்களுக்கு, உள்ளே வடுத் திசு சுருங்கி, மூக்கு குறுகி, நுனி மேல்நோக்கி இழுபட்டு, துளைகள் நேர் எதிரே தெரியும் நிலை வந்துவிடும். கொரியாவில் இதற்கு ‘குச்சுக்கோ’, அதாவது சுருங்கிய மூக்கு, என்று தனிப்பெயரே இருக்கிறது. அதைச் சரிசெய்வது முதல் அறுவை சிகிச்சையைவிடப் பல மடங்கு கடினம்.

அப்படியானால் சொந்தக் குருத்தெலும்பே போதும் என்று தோன்றும். தொற்றும் வெளித்தள்ளலும் குறைவு என்பது உண்மைதான். குறையே இல்லை என்பது உண்மையல்ல. நாசி நடுச்சுவரின் குருத்தெலும்பு நேராகவும் உறுதியாகவும் இருப்பதால் நுனியைத் தாங்க ஏற்றது. ஆனால் மேல் விளிம்பிலும் முன் விளிம்பிலும் குறைந்தது 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு விட்டுவைத்துத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு நடுவில் சேணம்போல் குழிந்துவிடும். நடுச்சுவர் சிறியதாக உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கில் மிச்சப்படுவது கொஞ்சம்தான். காதுக் குழிவின் குருத்தெலும்பு வளைந்தது, மிருதுவானது. நுனியை மென்மையாக மூடுவதற்கு நல்லது, தூணாக நிற்க வைப்பதற்கு அவ்வளவு நல்லதல்ல.

நிறைய தேவைப்படும்போது, குறிப்பாக மறுசிகிச்சையில், விலாக் குருத்தெலும்புக்குப் போகிறார்கள். பெரும்பாலும் ஆறாவது அல்லது ஏழாவது விலாவிலிருந்து எடுப்பார்கள். இதன் பெரிய குறை வளைவது. குருத்தெலும்பின் வெளிப்பகுதியும் உட்பகுதியும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஒரு பக்கத்தை மட்டும் செதுக்கினால் அந்தச் சமநிலை கெட்டுத் துண்டு வளையும். கிப்சன், டேவிஸ் என்ற இருவர் 1958-இல் இதை விளக்கி, எல்லாப் பக்கமும் சமமாகச் செதுக்கி நடுப்பகுதியைப் பயன்படுத்த வேண்டும் என்று காட்டினார்கள். இன்றும் கவனமுள்ள அறுவை மருத்துவர் செதுக்கிய துண்டை உப்புநீரில் போட்டு அரைமணி நேரம்போல் காத்திருந்து, வளைய வேண்டியது வளைந்த பிறகே மூக்கில் வைக்கிறார். எடுத்த இடத்தையும் சும்மா மூடுவதில்லை: குழியில் உப்புநீர் ஊற்றி, மயக்க மருத்துவரை நுரையீரலுக்குள் காற்றை அழுத்தச் சொல்லி, குமிழி வருகிறதா என்று பார்க்கிறார். வந்தால், நுரையீரலைச் சுற்றிய உறை கிழிந்திருக்கிறது என்று பொருள். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு ஏறிச் செதுக்கவே வராமல் போகலாம் என்பதால், முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. ‘இயற்கையானது’ என்ற ஒரு சொல்லுக்காக, மெல்லிய உயர்வு மட்டும் தேவைப்படும் ஒருவர் மார்பில் கத்தி வைத்துக்கொள்ள வேண்டுமா என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் கேள்வி.

குருத்தெலும்பைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பொதியாக வைத்தால் வளைவுக்கே இடமில்லை. துருக்கியைச் சேர்ந்த எரோல் 2000-இல் இப்படி வெளியிட்ட முறைக்கு ‘துருக்கி மிட்டாய்’ என்று பெயர். அவர் இரத்தக்கசிவை நிறுத்தும் சர்ஜிசெல் என்ற வலைத்துணியில் சுற்றினார். அமெரிக்காவில் டேனியலும் கால்வர்ட்டும் அதைச் செய்து பார்த்தபோது உயர்வு கரைந்துபோயிற்று. நெற்றிப்பொட்டின் தசைமேலுள்ள உறையில் சுற்றியபோது நிலைத்தது என்று 2004-இல் எழுதினார்கள். எனவே பொருளின் பெயரை மட்டும் கேட்டுத் திருப்தியடைவதும் ஒரு தவறு. அது எதில் சுற்றப்படுகிறது, எப்படிச் செதுக்கப்படுகிறது என்பதும் சேர்ந்ததுதான் தேர்வு. இறந்தவர்களின் தானமாகப் பெற்றுக் கதிர்வீச்சால் தூய்மையாக்கிய குருத்தெலும்பும் உண்டு. மார்பில் வெட்டு வேண்டாம் என்பது அதன் வசதி. காலப்போக்கில் ஓரளவு கரையலாம் என்பது அதன் விலை.

ஊசியில் முடித்துக்கொள்ளும் ஆசை இன்று புதிதல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரஃபின் மெழுகை மூக்கில் ஏற்றிக்கொள்வது ஒரு மோகமாக இருந்தது. பின்னாளில் மால்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கனின் மூக்கில் ஏற்றிய மெழுகு இடம்பெயர்ந்து முகத்தையே கெடுத்தது. இன்று ஊசியில் ஏற்றும் ஹயலூரானிக் ஃபில்லர் என்ற நிரப்புப் பொருளைக் கரைக்க மருந்து இருக்கிறது என்றாலும், இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் கருகவும் பார்வை பறிபோகவும் கூடும். திரவ சிலிக்கோனைக் கரைக்கவோ முழுவதுமாக வெளியே எடுக்கவோ வழியில்லை. முன்பு எப்போதாவது இவற்றை ஏற்றிக்கொண்டவர்கள் கூச்சப்பட்டு மறைப்பது மருத்துவரின் திட்டத்தையே தவறாக்கிவிடும். புகைபிடிப்பதை மறைப்பதும் அப்படித்தான். நிக்கோட்டின் தோலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது.

ஒரு நடிகரின் படத்தைக் காட்டி இத்தனை மில்லிமீட்டர் உயர்வு வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது, எந்தப் பொருளையும் ஆபத்தானதாக்கிவிடும். தோல் எவ்வளவு நீளுமோ அவ்வளவுதான் இடம். முடிவு பிடிக்கவில்லை என்று மூன்றே மாதத்தில் மறுசிகிச்சைக்கு ஓடுவதும் வேண்டாம். தொற்று போன்ற அவசரம் இல்லாவிட்டால், வீக்கம் வடிந்து வடு இளகுவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருப்பதே வழக்கம்.

வீடு திரும்பும்முன், என்ன பொருள், எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, எவ்வளவு தடிமன், நடுச்சுவரில் எவ்வளவு எடுத்தது, எந்தக் காதிலிருந்து எடுத்தது என்ற குறிப்பை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்த மூக்கைத் திறக்கப்போவது வேறொரு மருத்துவராக இருக்கலாம். அவர் காதைத் திருப்பிப் பார்க்கும்போது, பின்புறத் தழும்பு இருந்த இடமே தெரியாமல் ஆறிப்போயிருக்கும்.