லாஸ்பேட்டையில் விமான நிலைய ஹோட்டல்: கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் விமான நிலையத்தை ஒட்டி ஹோட்டல் கட்ட நினைக்கிறவர்கள் மீனம்பாக்கத்தைப் பார்த்துப் பிளான் போடுகிறார்கள். முதல் தவறு அதுதான். லாஸ்பேட்டை ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளம். ஏடிஆர் மாதிரி சிறிய விமானங்களுக்குத்தான் அது போதும், அவையும் அடிக்கடி வருவதில்லை. புதுச்சேரிக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் சென்னையில் இறங்கி, ஈசிஆர் வழியாக நடுராத்திரியில் காரில் வந்து சேர்கிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது நல்ல தூக்கம்.

அந்தத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கட்டடத்துக்கு உள்ளே எழும் சத்தம். முகப்பு முழுக்க இரட்டைக் கண்ணாடி போட்டுப் பணத்தைக் கொட்டுவார்கள். வராந்தாவிலோ பளபளக்கும் டைல்ஸ் போட்டிருப்பார்கள். விடிகாலை நாலு மணிக்கு ஒருவர் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் அந்தத் தளமே விழித்துக்கொள்ளும். அங்கே கார்ப்பெட் வேண்டும், இல்லையென்றால் மெத்தென்ற வினைல் தரையாவது வேண்டும். அறைக் கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் கண்ணாடிச் செலவெல்லாம் வீண். கதவு கனமாக, நிலையைச் சுற்றி ரப்பர் பட்டையோடு இருக்கட்டும். லிஃப்ட் சுவரில் கட்டில் தலைமாட்டை வைக்கவே கூடாது. ஜன்னலிலும் இதே கதைதான்: சறுக்கு ஜன்னல் எவ்வளவு நல்லதானாலும் சத்தம் கசியும். கீல் வைத்து அழுத்தி மூடுவதே மேல்.

வெளிச்சத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்தவர் முகத்தில் ஆறு மணிக்கே வெயில் அடித்தால் என்ன ஆகும்? கிழக்குப் பக்க அறைகளுக்கு இருட்டுத் திரை கட்டாயம். திரை ஜன்னலைவிட அகலமாகவும், நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதாகவும் இருக்க வேண்டும்.

அப்புறம், உள்ளூரிலேயே பாடம் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியை வெளியிலிருந்தாவது பாருங்கள். நீளமான பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும், சுவருக்குப் பதில் திருப்பக்கூடிய கிடைமட்டத் தகடுகள், ஏசி இல்லாமலே காற்று. அதை அப்படியே படுக்கையறைக்குக் கொண்டுவந்தால் சத்தமும் கூடவே வரும். வரவேற்பறை, படிக்கட்டு, சாப்பாட்டு இடம் ஆகியவற்றுக்கு அந்த முறை அருமையாகப் பொருந்தும். வெயில் முழுக்க உள்ளே இறங்கும் கண்ணாடி லாபி இந்த ஊருக்கு வேண்டவே வேண்டாம்.

ஜெனரேட்டரையும் மின் பலகையையும் பேஸ்மென்ட்டில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது.

கடைசியாக உயரம். விமான நிலைய ஆணையம் தரும் உயர அனுமதி கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. லாஸ்பேட்டை மேட்டுப் பகுதி, அதனால் மனையின் தரைமட்டத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் கட்டடத்துக்கு. தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, இடிதாங்கி, பெயர்ப் பலகை எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். தளத்தின் உயரத்தை மட்டும் எழுதி விண்ணப்பித்துவிட்டு, பிறகு தொட்டிக்கு இடமில்லாமல் தவிப்பது தேவையா? அனுமதி கைக்கு வரும்வரை அஸ்திவாரம் தோண்ட வேண்டாம்.